பழைய கேமன் எஸ் வாங்கப் போகிறேன்: எந்த ஆப்ஷனுக்குப் பணம் கொடுக்கலாம்?

மேற்குச்சாலை, லண்டன்

வணக்கம். ஆறு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த பணம் கையில் இருக்கிறது. போர்ஷே கேமன் எஸ், 981 தலைமுறை, 3.4 லிட்டர், 325 குதிரைத்திறன். காரைப் பற்றி முடிவு செய்தாயிற்று. நாலு மாதம் தேடி, கடைசியில் இரண்டு கார்களுக்கு நடுவே வந்து நிற்கிறேன். இரண்டுக்கும் சர்வீஸ் புத்தகம் முழுதாக இருக்கிறது. வித்தியாசமெல்லாம் ஆப்ஷனில்தான்.

முதல் கார்: 2013, வெள்ளை, பிடிகே ஆட்டோ கியர், 46,000 மைல். ஸ்போர்ட் க்ரோனோ, பாஸ்ம் சஸ்பென்ஷன் (சாலைக்கேற்பத் தானே இறுகி இளகுவது), செராமிக் பிரேக், 20 அங்குல வீல், 18 வழி சீட், போஸ் ஸ்பீக்கர், க்ரூஸ் கண்ட்ரோல், வளைவில் திரும்பும் ஹெட்லைட். 34,500 பவுண்டு கேட்கிறார்கள்.

இரண்டாவது: 2014, அடர் சாம்பல், மேனுவல், 38,000 மைல். 19 அங்குல வீல், சாதாரண ஸ்போர்ட்ஸ் சீட், சீட் சூடேற்றி, வளைவில் திரும்ப உதவும் பிடிவி. அவ்வளவுதான். க்ரூஸ் கண்ட்ரோல்கூட இல்லை. 30,900 பவுண்டு.

வேலைக்கு ரயிலில்தான் போகிறேன். காரை எடுப்பது வார இறுதியில், பெரும்பாலும் வேல்ஸ் பக்கம். மாதம் ஒரு முறை எம்1 வழியாக லெஸ்டரில் அப்பா அம்மா வீட்டுக்கு, மனைவியும் கூட வருவாள். வருடத்துக்கு ஒரு நாள் டிராக்குக்குப் போகலாம் என்ற ஆசையும் உண்டு. மனம் முதல் காரில் இருக்கிறது. 3,600 பவுண்டு அதிகம் கொடுப்பது சரியா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கொங்கு ராஜபாட்டை

முதல் காரை எடுங்கள். அந்த செராமிக் பிரேக் மட்டுமே புதிதாக ஆர்டர் செய்தபோது ஏறத்தாழ 5,000 பவுண்டு. மற்றதையும் கூட்டிப் பாருங்கள். இவ்வளவையும் 3,600 பவுண்டுக்குத் தருகிறார்கள் என்றால் விடக்கூடாது.

பழைய கியர், பர்மிங்ஹாம்

ராஜபாட்டை சொன்ன கணக்கில்தான் நானும் என் முதல் போர்ஷேயை வாங்கினேன். புதிதில் என்ன விலை என்பது முதல் ஆள் கட்டிய பணம். நமக்கு வேண்டியது வேறு கணக்கு.

தம்பி, இரண்டு பட்டியலையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே கேள்வி: இது இல்லாத காரை வாங்கினால், பிறகு போட்டுக்கொள்ள முடியுமா?

க்ரூஸ் கண்ட்ரோல் போட முடியும். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு குச்சி, அப்புறம் கம்ப்யூட்டரில் கோடிங். தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் அரை நாள் வேலை. ஸ்போர்ட்ஸ் எக்ஸாஸ்ட் போட முடியும். வீல் மாற்ற முடியும். ஸ்பீக்கரையும் கொஞ்சம் மெனக்கெட்டால் மாற்றலாம்.

பிடிகேயை மேனுவலாகவோ மேனுவலைப் பிடிகேயாகவோ யாரும் மாற்றப் போவதில்லை. பாஸ்ம் வேண்டுமென்றால் டேம்பர், சென்சார், வயர், கண்ட்ரோல் யூனிட் என்று செலவு இழுத்துக்கொண்டே போகும். ஸ்போர்ட் க்ரோனோ என்பதை டாஷ்போர்டில் இருக்கும் கடிகாரம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். 981-இல் அதனுடன் கியர்பாக்ஸைத் தாங்கும் மவுண்டும் வேறு வகை: மெதுவாகப் போகும்போது இளகி அதிர்வை வாங்கிக்கொள்ளும், விரட்டும்போது இறுகும். அதைப் பிறகு முழுதாகப் போடுவது நடக்காத காரியம். பிடிவி என்பது பின்சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் மெக்கானிக்கல் லாக், கூடவே உள்பக்கப் பின்சக்கரத்தை லேசாக பிரேக் பிடித்துக் காரை வளைவுக்குள் திருப்பும் ஏற்பாடு. பிறகு போடுவதென்றால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும்.

இப்போது உங்கள் இரண்டாவது காரைப் பாருங்கள். பட்டியல் சின்னதுதான். ஆனால் அதில் இருப்பது போட முடியாத வகை, இல்லாததில் பாதி போடக்கூடிய வகை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆப்ஷன் பட்டியலைப் படித்தால் முதல் உரிமையாளர் எப்படிப்பட்டவர் என்று தெரியும். க்ரூஸும் போஸும் வேண்டாம், மேனுவலும் பிடிவியும் போதும் என்று டிக் செய்தவர் ஓட்டுவதற்காகவே வாங்கியவர். நன்றாக வைத்திருந்திருப்பார், நன்றாக விரட்டியும் இருப்பார். மேனுவலில் அவசரத்தில் தப்பான கியருக்கு இறக்கிவிட்டால் எஞ்சின் சிவப்புக் கோட்டைத் தாண்டிச் சுற்றும். அந்த ஓவர் ரெவ் கணக்கு, எவ்வளவு தாண்டியது என்பதைப் பொறுத்து எஞ்சின் கம்ப்யூட்டரில் ஆறு படிகளாகப் பதிந்திருக்கும், எத்தனையாவது மணி நேரத்தில் நடந்தது என்பதோடு சேர்த்து. போர்ஷே சென்டரிலோ, போர்ஷே கம்ப்யூட்டரைப் படிக்கும் பிவிஸ் கருவி வைத்திருக்கும் தனி ஒர்க்‌ஷாப்பிலோ எடுத்துத் தருவார்கள். முதல் இரண்டு படியில் எண்கள் இருந்தால் கவலை இல்லை. நாலுக்கு மேல் இருந்தால், அதுவும் அண்மையில் என்றால், வேறு கார் பாருங்கள்.

நெக்கர்க்கரை, ஸ்டுட்கார்ட்

செராமிக் பிரேக் பற்றி மட்டும் சொல்கிறேன், தினமும் கையில் தொடுகிற பொருள் என்பதால்.

நல்ல பொருள், சந்தேகமே இல்லை. இரும்பு டிஸ்க்கின் எடையில் ஏறக்குறைய பாதிதான். துருப் பிடிக்காது, வீலில் கரி படியாது. சாலையில் மட்டும் ஓட்டினால் மிக நீண்ட காலம் வரும். அதைக் கெடுப்பது இரண்டு: டிராக்கில் வரும் தொடர்ச்சியான கடும் சூடு, வீலைக் கழற்றி மாட்டும் கைகள். டயர் கடையில் வழிகாட்டிக் கம்பியைப் போல்ட் துளையில் திருகாமல் வீலை உருவுவார்கள். வீலின் உள்விளிம்பு டிஸ்க்கின் ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டும். ஒரு சில்லு பெயர்ந்தால் போதும், அந்த டிஸ்க்கின் ஆயுள் கேள்விக்குறி. டிஸ்க் ஒன்றின் விலையைக் கேட்டால் தூக்கம் போய்விடும்.

பார்க்கப் போகும்போது சின்ன டார்ச் கொண்டு போங்கள். வீலின் கம்பிகளுக்கு நடுவே விரலை விட்டு, நாலு டிஸ்க்கின் வெளி ஓரத்தையும் முழுச் சுற்று தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சில்லு விரலுக்குத் தெரியும். கார் முழுதாக ஆறியிருக்க வேண்டும், அதை மறக்காதீர்கள்.

வருடத்துக்கு ஒரு நாள் டிராக் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு செராமிக் தேவை இல்லை. நல்ல பேடும் புதிய பிரேக் ஆயிலும் போட்ட இரும்பு டிஸ்க் போதும்.

ஏழாவது வளைவு, மான்செஸ்டர்

எல்லாரும் மேனுவல் பக்கமே சாய்வதால் பிடிகேக்காக நான் பேசுகிறேன்.

கேமன் எஸ் மேனுவலில் 0-100 கிலோமீட்டர் 5.0 நொடி, பிடிகேயில் 4.9, பிடிகேயுடன் ஸ்போர்ட் க்ரோனோ இருந்தால் 4.7. இந்த வித்தியாசம் சாலையில் ஒன்றுமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எம்25-இல் ஒரு மணி நேரம் ஊர்ந்து பாருங்கள். அப்புறம் சாலை வரி: இந்த வயசுக் கார்களுக்குப் புகை அளவை வைத்துத்தான் வரி. கிலோமீட்டருக்குக் கார்பன் டை ஆக்சைடு மேனுவலில் 206 கிராம், பிடிகேயில் 188 கிராம். அதனால் மேனுவல் ஒரு படி மேலே போய் வருடா வருடம் அதிகம் கட்டும்.

இன்னொரு விஷயமும் உண்டு. இந்த மேனுவலின் கியர்கள் நீளம். இரண்டாவது கியரை முழுதாக இழுத்தால் 120 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். வேல்ஸ் சாலையில் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் மட்டுமே இருப்பீர்கள். ஏழு கியர் பிடிகேயில் அந்த எஞ்சினை அடிக்கடி உச்சிக்குக் கொண்டு போகலாம். நான் இரண்டையும் ஓட்டிப் பார்த்துத்தான் பிடிகே வாங்கினேன். மூன்று வருடமாக ஒரு நாளும் வருந்தவில்லை.

பழைய கியர், பர்மிங்ஹாம்

நீளமான கியர் பற்றிச் சொன்னது முழு உண்மை. அதை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது. ஆனாலும் என் கை மேனுவலைத்தான் கேட்கும். அந்த கிளட்சும் கியர் குச்சியும் சேர்ந்து வேலை செய்யும் விதம் அவ்வளவு துல்லியம். இதில் சரி, தப்பு இல்லை. இரண்டையும் ஓட்டிப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள், அவ்வளவுதான்.

வேல்ஸ் மழை

யாரும் சீட்டைப் பற்றிப் பேசவில்லையே?

என் கதையைச் சொல்கிறேன். 2019-இல் ஒரு கார் வாங்கினேன். பக்கெட் சீட், அதாவது ஒரே ஓடாக வார்த்த சீட், முதுகுச் சாய்வை மாற்றவே முடியாது. படத்தில் பார்க்கும்போதே ஆசை. கடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தேன், ஓட்டிப் பார்த்தது இருபது நிமிடம். கையெழுத்துப் போட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்த வழி மூன்று மணி நேரம். இரண்டாவது மணி நேரத்தில் இடுப்பின் இடப்பக்கம் பிடித்துக்கொண்டது. உடம்பு பழகிவிடும் என்று நினைத்தேன். பழகவில்லை. எஞ்சின் அருமை, ஸ்டியரிங் அருமை, ஆனால் சாவியை எடுக்கும்போதே இடுப்பு ஞாபகம் வரும். பதினாலு மாதத்தில் விற்றேன். இன்றும் அந்த நிறத்தில் ஒரு கார் சாலையில் போனால் திரும்பிப் பார்ப்பேன்.

அதனால் என் வரிசையில் சீட்தான் முதலில். அப்புறம் கியர்பாக்ஸ், அப்புறம் சஸ்பென்ஷன். விற்பவரிடம் முன்பே சொல்லிவிட்டு, நின்ற காரிலேயே நாற்பது நிமிடம் உட்காருங்கள். பர்ஸையும் போனையும் எடுத்துவிட்டு, ஓட்டும் நிலையில். உங்கள் மனைவியும் பக்கத்து சீட்டில் உட்காரட்டும். 18 வழி சீட்டில் தொடை நீளம், இடுப்புத் தாங்கல், பக்க அணைப்பு எல்லாமே நகரும். சாதாரண ஸ்போர்ட்ஸ் சீட்டில் அவ்வளவு கிடையாது. ஆனால் உங்கள் முதுகுக்கு அதுவே பொருந்தினால் மற்றதற்குப் பணம் ஏன்?

20 அங்குல வீலை வேல்ஸ் சாலையில் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பாஸ்ம் இருந்தாலும் ஓரக் குழியில் விழுந்தால் முதலில் அடி வாங்குவது டயரின் ஒல்லியான பக்கச் சுவர்தான். 19 போதும், அழகும் குறையவில்லை.

மேற்குச்சாலை, லண்டன்

எல்லாருக்கும் நன்றி. சீட்டைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை அண்ணா. சனிக்கிழமை முதல் காரும் ஞாயிறு இரண்டாவது காரும் பார்க்கப் போகிறேன். விளம்பரத்தில் சொன்ன ஆப்ஷன் எல்லாம் உண்மையிலேயே தொழிற்சாலையில் போட்டதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நெக்கர்க்கரை, ஸ்டுட்கார்ட்

முன்பக்க மூடியைத் தூக்குங்கள். அதன் அடியில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர், அதில் சேசி எண், பெயிண்ட் எண், கீழே மூன்றெழுத்துக் குறியீடுகள் வரிசையாக. அதே ஸ்டிக்கர் சர்வீஸ் புத்தகத்திலும் இருக்கும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

உங்களுக்கு வேண்டியவை: 250 என்றால் பிடிகே. 450 செராமிக் பிரேக். 475 பாஸ்ம். 220 பிடிவி. 342 முன்சீட் சூடேற்றி. 454 க்ரூஸ் கண்ட்ரோல். 680 போஸ். 603 திரும்பும் ஹெட்லைட். பி07 என்றால் 18 வழி சீட். ஸ்டிக்கர் இல்லை, கிழிந்துவிட்டது என்றால் சேசி எண்ணைக் கொடுத்துப் போர்ஷே சென்டரில் பட்டியல் கேளுங்கள். புதிய மூடி மாட்டியதாலும் ஸ்டிக்கர் காணாமல் போயிருக்கலாம், அப்போது முன்பக்கம் அடிபட்டதா என்றும் பாருங்கள்.

சேசி எண்ணில் பதினோராவது எழுத்து எஸ் என்றால் ஸ்டுட்கார்ட், கே என்றால் ஒஸ்னாப்ரூக் தொழிற்சாலை. சிலர் இதை வைத்து விலை பேசுவார்கள். காதில் போட்டுக்கொள்ள வேண்டாம், தரத்தில் வித்தியாசம் இல்லை.

பனிப்பாதை, டொராண்டோ

இங்கே குளிர் ஆறு மாதம். நான் முதலில் தேடியது 342. நவம்பரில் ஒரு நாள் காலையில் அந்தப் பொத்தானை அழுத்திப் பார்த்தால் அதன் மதிப்பு தெரியும். லண்டனிலும் உதவும்.

புதுக்கரை

இடையில் ஒரு கேள்வி. என் பட்ஜெட் குறைவு, இதற்கு முந்தைய 987 தலைமுறைதான் முடியும். அதில் ஆப்ஷனை விட எஞ்சின்தான் முக்கியம் என்கிறார்களே?

பழைய கியர், பர்மிங்ஹாம்

ஆமாம். 2009-இல் வந்த மாற்றத்துக்குப் பிறகான காரைத் தேடுங்கள். அந்த எஞ்சினில் பலரும் பயப்படும் ஐஎம்எஸ் பேரிங்கே (உடைந்தால் எஞ்சினையே கெடுக்கும் இடைத்தண்டு பேரிங்) கிடையாது, எஸ் மாடலில் நேரடி எரிபொருள் பாய்ச்சலும் வந்தது. பிடிகேயும் அப்போதுதான் இந்தக் காரில் நுழைந்தது, அதற்கு முன்பு டிப்ட்ரானிக் என்ற பழைய வகை ஆட்டோ கியர். முந்தைய 3.4 எஞ்சின் என்றால் சிலிண்டர் சுவரில் கீறல் இருக்கிறதா என்று சின்னக் கேமராவை உள்ளே விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அது முடிந்த பிறகு ஆப்ஷன் பேசலாம்.

மேற்குச்சாலை, லண்டன்

இரண்டையும் பார்த்துவிட்டேன். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை, தூறல். வெள்ளைக் கார் கடை வாசலில் கழுவித் துடைத்து நின்றது. செராமிக் பிரேக்கின் அடையாளமான மஞ்சள் காலிப்பர் தூரத்திலிருந்தே தெரிந்தது. மூடியைத் தூக்கி ஸ்டிக்கரைப் பார்த்தேன்: 250, 450, 475, பி07, எல்லாம் சரி. பிறகு நெக்கர்க்கரை சொன்னபடி டார்ச்சை எடுத்துக்கொண்டு முன்சக்கரத்தின் பக்கம் குனிந்தேன். டிஸ்க்கின் ஓரத்தில் விரல் வைத்தேன். சொரசொரப்பாக இருந்தது. விரலை வெளியே எடுத்தால் நுனியில் செம்மண் நிறம். துரு. செராமிக் துருப் பிடிக்காது என்று இங்கேதான் படித்தேன். மறுபக்கமும் அப்படியே. பின்னாலும் அப்படியே. நாலும் இரும்பு டிஸ்க்.

விற்பவரைக் கேட்டேன். அவர் காகிதங்களைப் புரட்டிவிட்டு, இதற்கு முந்தைய உரிமையாளர் மாற்றியிருக்கலாம் என்றார். பழைய டிஸ்க் எங்கே என்றால் தெரியாது. விளம்பரத்தில் செராமிக் என்று போட்டது ஸ்டிக்கரைப் பார்த்து எழுதியதாம். சண்டை போடவில்லை. 18 வழி சீட்டில் நாற்பது நிமிடம் உட்கார்ந்தேன், சொர்க்கம். ஓட்டியும் பார்த்தேன். பிடிகே அற்புதம், ஏழாவது வளைவு சொன்னதில் ஒரு எழுத்துகூட மிகை இல்லை. ஆனால் ஒவ்வொரு வேகத்தடையிலும் மனைவி கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாம்பல் நிறக் கார். வீட்டு வாசலில், ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். இரண்டாவது உரிமையாளர். பதிவேட்டில் ஒவ்வொரு பெட்ரோல் நிரப்பலையும் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார். ஸ்டிக்கரில் 220, 342, ஒன்றும் குறையவில்லை. முன் பம்பரின் இரண்டு பக்க வாயிலும் டார்ச் அடித்துப் பார்த்தேன், ரேடியேட்டரில் ஒரு சருகுகூட இல்லை. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் தானே சுத்தம் செய்வாராம். சீட்டில் நாற்பது நிமிடம்: முதல் பத்து நிமிடம் கொஞ்சம் கெட்டியாகத் தெரிந்தது, பிறகு மறந்தே போனது. மனைவி பக்கத்து சீட்டில் தூங்கிவிட்டாள்.

முதல் கியரிலிருந்து இரண்டுக்குப் போட்டேன். அந்தக் குச்சி நகர்ந்து உட்கார்ந்த விதம் இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. கியர் நீளம்தான், தெரிகிறது. ஒரு சின்ன வளைவில் பாதி வரும்போதே ஆக்சிலரேட்டரைக் கொடுத்தால் பின்பக்கம் தரையைக் கவ்விக்கொண்டு திரும்பியது. பிடிவி என்ன செய்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

திங்கள்கிழமை தனி ஒர்க்‌ஷாப்பில் சோதனை. ஓவர் ரெவ் கணக்கில் முதல் இரண்டு படியில் மட்டும் எண்கள், மூன்றிலிருந்து ஆறு வரை பூஜ்யம். 30,400 பவுண்டுக்கு முடித்துவிட்டேன். மிச்சம் ஆன பணத்தில் க்ரூஸ் கண்ட்ரோல் போடப் போகிறேன், ஸ்போர்ட்ஸ் எக்ஸாஸ்ட் அடுத்த வருடம்.

ஒரே ஒரு சந்தேகம். முன் டயர் இரண்டும் என்1 குறி போட்டவை. பின்னால் வேறு கம்பெனி, குறி இல்லை. தேய்மானம் பாதிதான். மாற்ற வேண்டுமா?

நெக்கர்க்கரை, ஸ்டுட்கார்ட்

வாழ்த்துகள், நல்ல கார். டயரை மாற்றுங்கள். என்1 போல ‘N’ எழுத்துக் குறி இருந்தால், அது போர்ஷே தன் காருக்கென்று சோதித்து ஒப்புக்கொண்ட டயர். முன்னும் பின்னும் ஒரே கம்பெனி, ஒரே மாடல் இருப்பது ஈரச் சாலையில் மிக முக்கியம். பிறகு போர்ஷே வாரண்டி எடுக்க நினைத்தால் 111 அம்சச் சோதனையில் இதையும் பார்ப்பார்கள். எக்ஸாஸ்ட் போடும்போதும் வெளிக் கம்பெனி வேண்டாம், போர்ஷேயே விற்கும் டெக்விப்மென்ட் பாகமே வாங்குங்கள்.

வேல்ஸ் மழை

டயர் மாற்றிய பிறகு ஒரு ஞாயிறு சொல்லுங்கள் தம்பி. பிளாக் மவுண்டன் சாலையை நான் காட்டுகிறேன். காலை 6 மணிக்குக் கிளம்பினால் ஆடு மட்டும்தான் எதிரே வரும்.

மேற்குச்சாலை, லண்டன்

கட்டாயம் வருகிறோம் அண்ணா. பின் டயர் இரண்டுக்கும் ஆர்டர் கொடுத்துவிட்டேன். க்ரூஸ் கண்ட்ரோலுக்கு வியாழன் காலை 8 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.